அம்மாவுடன் துபாய்: விசாவில் தொடங்கி கஹ்வா வரை

போன ஜனவரியில் அம்மாவைத் துபாய்க்குக் கூட்டிப்போய் வந்தேன். ஐந்து நாள். வயதானவர்களை அழைத்துப் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. அம்மா பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்க்காரர்களை விசிட் விசாவில் விடமாட்டோம் என்று அமீரகம் சொன்னது, ஆனால் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று சில நாளிலேயே விளக்கமும் வந்தது. எங்கள் ஏஜென்ட் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பியதால் விண்ணப்பம் திரும்பி வந்தது, கடைசிப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் விசா கிடைத்தது. டிக்கெட் போடுவதற்கு முன்பே இதைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

இறங்கியதும் விமான நிலைய மெட்ரோ ஸ்டேஷனிலேயே மெட்ரோவில் கட்டணம் கட்டும் நோல் கார்டு வாங்கிக்கொண்டோம். ரயிலில் டிரைவர் கிடையாது, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. உள்ளே எதுவும் சாப்பிடக் கூடாது, மாட்டினால் 100 திர்ஹாம் அபராதம். அம்மா வழக்கம்போல முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன்.

எல்லோரும் முதல் நாளே புர்ஜ் கலீஃபாவுக்கு ஓடுவார்கள். நான் வேண்டுமென்றே அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதல் இரண்டு நாளையும் க்ரீக் என்ற கடற்கழியின் ஓரத்துக்கு ஒதுக்கினேன். அதுதான் சரி என்று இப்போதும் சொல்வேன். இங்கே எண்ணெய் கண்டுபிடித்தது 1966இல். அதற்கு முன்பே, 1959 முதல் 61 வரை, இந்தக் கடற்கழியை ஆழப்படுத்தி பெரிய மரக்கலங்கள் உள்ளே வர வழி செய்திருக்கிறார்கள். முத்துக்குளிப்பும் வியாபாரமும்தான் இந்த ஊரின் அடித்தளம். அதைக் கண்ணால் பார்த்த பிறகு கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்தால் அவை வேறு மாதிரி தெரிகின்றன.

பர் துபாயிலிருந்து தேரா கரைக்கு அப்ரா என்ற மரப்படகு, ஒரு திர்ஹாம். நடுவில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும், படகோட்டி நடுப்பள்ளத்தில் நின்று ஓட்டுகிறார். இறங்கினால் மசாலா சந்தை, அதைத் தாண்டி தங்கச் சந்தை. அம்மா நகைக்கடையைவிட குங்குமப்பூ மூட்டைக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றார்.

அடுத்த நாள் அல் ஃபஹிதி. ஈரானின் பஸ்தக்கிலிருந்து வந்த வியாபாரிகள் கட்டிய பகுதி, பவளக்கல்லும் சாந்தும் வைத்த சுவர்கள், பல வீடுகளுக்கு மேலே பர்ஜீல் என்ற காற்றுக்கோபுரம். நாலு பக்கமும் திறப்பு இருப்பதால் எந்தத் திசைக் காற்றையும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்குகிறது. அதற்கு நேர் கீழே அம்மா போய் நின்றார். முந்தானை லேசாக அசைந்தது. "முற்றத்துல வர்ற காத்து மாதிரியே இருக்குடா" என்றார், கொஞ்ச நேரம் நகரவே இல்லை.

அங்கேயே ஷேக் முகம்மது கலாச்சாரப் புரிந்துணர்வு மையத்தில் காலை உணவுக்கு முன்பதிவு செய்திருந்தேன். இது கட்டாயம் செய்ய வேண்டியது, ஆனால் நேரில் போய்க் கேட்டால் இடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பாடு. பலாலீத் என்று ஒன்று, இனிப்புச் சேமியா, அதன் மேல் ஆம்லெட்! அம்மா ஆம்லெட்டை எனக்குத் தள்ளிவிட்டு சேமியாவை மட்டும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். உள்ளூர் அமீரகப் பெண் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, மதமோ உடையோ கல்யாணமோ எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். அப்புறம் கஹ்வா, ஏலக்காய் மணக்கும் காபி. இடது கையில் குடுவை, வலது கையில் பிடியில்லாத சின்னக் கிண்ணம், அதில் கால்வாசிதான் ஊற்றுகிறார்கள். குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள், போதும் என்றால் லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். அம்மாவுக்கு மூன்றாவது கிண்ணம் வந்த பிறகுதான் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார்.

ஜுமேரா மசூதிக்குள் மற்ற மதத்தவரையும் வழிகாட்டியோடு அழைத்துப் போகிறார்கள். கைகால் மூடிய உடை வேண்டும், தலைக்குத் துணி அங்கேயே தருவார்கள்.

புர்ஜ் கலீஃபா நாலாவது நாள். 828 மீட்டர், நாங்கள் ஏறியது 124ஆவது மாடி. சூரியன் மறையும் நேரத்துக்குக் கட்டணம் அதிகம், காலை டிக்கெட் எடுத்தோம். மேலே ஏறும் வழி துபாய் மாலுக்குள் இருக்கிறது, மெட்ரோவிலிருந்து அந்த மால் வரை குளிரூட்டிய பாலத்தில் நடை நீளம், முட்டிவலி உள்ளவர்களுக்கு டாக்ஸிதான் நல்லது. மேலே நின்று அம்மா கேட்ட ஒரே கேள்வி, "அந்தப் படகுத்துறை எந்தப் பக்கம்டா?"

ஐந்தாம் நாள் சாயங்காலம் விமானத்துக்கு நேரம் இருந்தது. எங்கே போகலாம் என்று கேட்டேன். மறுபடியும் அப்ரா. போக ஒரு திர்ஹாம், வர ஒரு திர்ஹாம்.