எழுநூறு ரூபாய் வாடகை உயர்வுக்கு ஏழு மாத அலைச்சல்

சென்னை மடிப்பாக்கத்தில் நான் வாடகைக்கு விட்டிருக்கும் மாடி வீட்டின் பதினோரு மாத ஒப்பந்தம் போன ஜூனில் முடிந்தது. புதுப்பிக்கும்போது ஐந்து சதவீதம் கூட்ட வேண்டும், அதாவது 14,000 என்பது 14,700. ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. நான் கோவையில் இருக்கிறேன். குடியிருப்பவர் போனை எடுக்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. ஆனால் ஐந்தாம் தேதி டாண் என்று பழைய வாடகை ஜிபேயில் வந்துவிடும்.

அக்டோபரில் ராத்திரி பஸ் பிடித்துப் போனேன். வீடு பூட்டியிருந்தது. சரி, வந்ததற்கு வாடகை அதிகாரி அலுவலகத்திலாவது கேட்போம் என்று போனால், அங்கிருந்த எழுத்தர் ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு, "இது பதிவே ஆகலையே சார்" என்றார். அடுத்து என்ன செய்வது என்று கேட்டேன். பதில் இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பதினோரு மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அது சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் பொருந்தும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பிறகு நான் போய்க் கேட்ட வக்கீல்தான் இன்னொன்றையும் சொன்னார்: ஒப்பந்தம் முடிந்தும் புதுப்பிக்காமல் குடியிருந்தால், பழைய நிபந்தனைகளிலேயே மாதாமாதம் நீள்வதாகத்தான் கணக்கு, அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம். ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாததே காலி செய்யச் சொல்லி மனு போட ஒரு காரணமாம்.

இதையெல்லாம் எழுதி, குடியிருப்பவருக்கு ஒப்புகை அட்டையோடு தபால் அனுப்பினேன். புது கதவு எண்ணை மட்டும் எழுதியிருந்ததால் 'முகவரி போதாது' என்று திரும்பி வந்தது. அதில் மூன்று வாரம் போச்சு. சென்னை முகவரிக்குப் பழைய எண், புது எண் இரண்டையும் எழுதிவிடுங்கள். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள், நாம் அனுப்பியதற்கு அதுதான் சாட்சி.

இரண்டாவது தபாலுக்கு அவர் கையெழுத்தோடு அட்டை வந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. நான்காம் நாள் அவரே கூப்பிட்டார். "அட்வான்ஸையும் ஏத்திருவீங்களோன்னு பயந்துட்டேன் சார்." அட்வான்ஸ் பற்றி நான் யோசிக்கக்கூட இல்லை. அதை அவர் ஜூனிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஜனவரியில் புது ஒப்பந்தம் போட்டு, வாடகைப் பதிவு இணையதளத்தில் ஏற்றி, பதிவு எண்ணும் வாங்கியாயிற்று. விட்டுப்போன மாதங்களின் வித்தியாசத்தை நான் கேட்கவில்லை. பிப்ரவரி ஐந்தாம் தேதி 14,700 வந்தது. அடுத்த ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே முதல் கடிதத்தை அனுப்ப, நாட்காட்டியில் இப்போதே குறித்துவிட்டேன்.