பார்க்கின்சன்காரர்களுக்கு யோகா: விடிகாலை ஒத்துவரவில்லை

புதுச்சேரியில் யோகா என்றாலே விடிகாலை, வெறும் வயிறு, கடற்கரைக் காற்று. பார்க்கின்சன் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும் நாங்கள் முதலில் கைவிட்டது அந்த நேரத்தைத்தான். ராத்திரி போட்ட லெவோடோபா, அதாவது இந்த நோய்க்கான மாத்திரை, வேலை செய்வது அதற்குள் தீர்ந்திருக்கும். உடம்பு கட்டை மாதிரி விறைத்திருக்கும்.

இப்போது மாத்திரை போட்டு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பிக்கிறோம். மாத்திரைக்கும் இட்லி சாம்பாருக்கும் நடுவே குறைந்தது அரைமணி இடைவெளி வேண்டும். பருப்பிலுள்ள புரதம் மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். வயிற்றைப் புரட்டினால் இரண்டு பிஸ்கட் போதும்.

அடுத்தது பிரஷர். ஐந்து நிமிஷம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்றாவது நிமிஷம் ஒருமுறை பார்ப்போம். மேல் அளவு 20 இறங்கினால் தரைப் பயிற்சி கிடையாது; எல்லாமே நாற்காலியில்தான், சவாசனமும்கூட. கடலூர், புதுச்சேரிப் புழுக்கத்தில் வேர்த்துத் தண்ணீர் குறைந்தால் இன்னும் இறங்கும்.

நாற்காலிக்குச் சக்கரம் ஆகாது, கைப்பிடி அவசியம், முதுகு சுவரை ஒட்டட்டும். எழும்போது பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து எழச் சொல்கிறோம். நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பவர்கள் பொத்தென்று திரும்ப உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பயிற்சி என்று பார்த்தால் நேராக நிற்கும் தாடாசனம், சுவரில் கைவைத்து ஒற்றைக்காலில் நிற்பது, தோளைத் திறக்கும் அசைவுகள். அந்த நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கவனம் இரண்டாகப் பிரிந்தால் விழுவார்கள். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், மேல்பாதி மட்டும் முன்னால் வந்து குப்புற விழுவார்கள். ஒரு எட்டு வைக்கும் இடைவெளியில் தரையில் குறுக்கே கலர் டேப் ஒட்டியிருக்கிறோம். 'கோட்டைத் தாண்டுங்க' என்றால் கால் நகர்ந்துவிடுகிறது! ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்துவிடுங்கள், அதன் ஓரமே தடுக்கும்.

மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, மூச்சை அடக்கும் கும்பகம், தலைகீழ் ஆசனங்களை நாங்கள் தொடுவதில்லை. அகார உகார மகாரத்தை (அ, உ, ம் ஒலிகளை) உரக்கச் சொல்வது குரல் தேய்ந்தவர்களுக்குப் பிடித்திருக்கிறது. இந்த நோய்க்காக அறுவை செய்து மூளையில் மின்தூண்டல் கருவி வைத்தவர்கள், கழுத்தைத் திருப்பும் ஆசனங்களுக்கு முன் அறுவை மருத்துவரைக் கேட்க வேண்டும்.

யோகா இந்த நோயை நிறுத்தாது, மாத்திரையைக் குறைக்க விடவும் மாட்டோம். 2019-ல் வெளியான ஹாங்காங் ஆய்வில், 138 பேர் எட்டு வாரம் பழகியதில், நடமாட்டத்துக்கு யோகாவும் சாதாரண உடற்பயிற்சியும் ஒரே அளவில்தான் உதவின. பதற்றமும் மனச்சோர்வும் யோகா செய்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தன. சேர வருபவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.