இலைக்காக ஒரு ரோஜா

மார்கழி லீவில் அம்பாசமுத்திரம் வந்தால் எல்லோரும் வேலையை, குளிரை, பிள்ளைகள் படிப்பைத்தான் விசாரிப்பார்கள். ஆச்சி மட்டும் தோட்டத்தைக் கேட்பாள். "ரோஸ் வச்சிருக்கியாமே, பூ நிறைய பறிப்பியாளா?"

பூவுக்காக இல்லை ஆச்சி, இலைக்காக என்றேன். அவளுக்குப் பிடிபடவில்லை. இலை அழகுக்குத்தான் வாசலில் குரோட்டன்ஸ் நிற்கிறதே. ரோஸ் என்றால் சாமிக்கும் தலைக்கும்.

இங்கிலாந்தில் நான் வைத்திருப்பவை சீனத்துப் பக்கத்துக் காட்டு ரோஜாக்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, வசந்தத்தில் கொஞ்ச நாள் பூத்து ஓய்ந்துவிடும். அப்புறம் இலையுதிர் காலம் வரை நம் கண்ணில் நிற்பது இலைதான். சிச்சுவானின் எமெய் மலைப் பெயரைத் தாங்கிய ரோசா ஓமியென்சிஸ் டெரகாந்தாவுக்குப் புளிய இலை மாதிரி பொடிப்பொடியான இலை. பூவுக்கு ஐந்து இதழ்கூடக் கிடையாது, பெரும்பாலும் நாலுதான். ஆனால் அதன் முள்! புதுத் தண்டு நெடுக அகலமாக, தட்டையாக, சிவப்பாக இருக்கும். சாயங்கால வெயில் பின்னாலிருந்து விழுந்தால் ஒவ்வொரு முள்ளும் ஒளி ஊடுருவிச் சுடர்விடும். வேலை விட்டு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்க்கப் போவேன்.

இரண்டாம் வருஷம் அதே முள் சாம்பல் நிறமாகி மரத்துப்போகும். அதனால் குளிர் முடிகிற சமயத்தில் பழைய தண்டுகளை அடியோடு வெட்டிவிடுவேன். பூ பழைய தண்டில்தான் வரும் என்பதால் அந்த வருஷம் பூ குறையும். "பூக்கிற கம்பையா வெட்டுத?" என்று ஆச்சி பதறிவிட்டாள்.

எனக்கு உயிர் ரோசா பிரிமுலா. மத்திய ஆசியாவிலிருந்து வட சீனா வரை காடாக வளர்வது. வாசம் அதன் இலையில் இருக்கிறது. மழை விட்டதும் தோட்டமே சாம்பிராணி மணக்கும். அங்கே முதலில் இருந்த வாடகை வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலே புகை அலாரம் அலறும். சன்னலைத் திறந்துவைத்து விசிறிக்கொண்டு நிற்போம். சொந்த வீடு வந்ததும் முதலில் நட்டது இந்தச் செடியைத்தான். வெள்ளிக்கிழமை மழை பெய்தால் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு விளக்கேற்றுவேன்.

இதைச் சொன்னதும் ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதுல ஒரு கம்பு கொண்டாந்தா நம்ம கிணத்தடில வைக்கலாம்லா?"

அனுமதியும் நோய்ச் சோதனைச் சான்றும் இல்லாமல் வெளிநாட்டுச் செடியைக் கொண்டுவர முடியாது. வந்தாலும் அது இலையெல்லாம் உதிர்த்து, குளிரில் உறங்கி எழும் சாதி. தாமிரபரணிக் கரை வெக்கையில் அதற்கு ஏது உறக்கம்?

"அப்ப நீயே வச்சுக்கோ. அதையும் வெட்டிப்புடாத" என்றாள் ஆச்சி.