சவுண்ட் கார்டு இரைச்சல்: சர்வீஸ் மேசைக் குறிப்புகள்

ஜூன் 3, 2025

மதர்போர்டிலேயே சவுண்ட் சிப் உள்ள டெஸ்க்டாப். பின்புறப் பச்சை ஜாக்கிலிருந்து ஆர்சிஏ ஒயர் (ஆம்ப் பக்கம் இடது, வலதுக்குத் தனித்தனி முனையுள்ள ஆடியோ ஒயர்) வழியாக ஆம்ப்ளிஃபயர். பாட்டு ஓடாதபோதும் அடியில் ஒரு ஹம். மவுஸை நகர்த்தினால் அதன் மேல் மெல்லிய கீச்சுச் சத்தம். புது கார்டு வாங்கலாமா என்பதுதான் எடுத்த எடுப்பில் வரும் கேள்வி. சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரியாமல் வாங்கினால், பழைய ஹம் புது கார்டிலும் கேட்கும்.

வால்யூமைச் சுழியத்துக்கு இறக்கி, ஆம்ப் பக்கத்து ஆர்சிஏ முனையை உருவி, வால்யூமை மறுபடி ஏற்றினால் அமைதி. ஆம்ப் மேல் குற்றமில்லை. கணினி முனையை உருவிப் பார்ப்பது தவறான சோதனை: தொங்கும் ஒயரே ஆன்டெனாவாகி வேறொரு ஹம்மைக் கொடுக்கும். அதே ஒயரில் சார்ஜர் செருகாத போனை மாட்டினாலும் அமைதி. ஆக, ஒயரும் நல்ல ஒயர்தான்.

ஜூன் 4

போனுக்கு எர்த் இல்லை, கணினிக்கு உண்டு. கிரவுண்ட் லூப், அதாவது இரு கருவிகளின் எர்த்தும் ஆடியோ ஒயரும் சேர்ந்து ஒரு வளையமாவது, என்ற சந்தேகம் இங்கேதான் வலுக்கிறது. கணினி ஒரு சுவர் பிளக்கில், ஆம்ப் எதிர்ச்சுவரில். இரண்டு எர்த்துக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், ஆடியோ ஒயரின் வெளிப்பின்னல் வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடும். சிக்னல் திரும்பும் பாதையும் அதே பின்னல்தான் என்பதால், அதில் விழும் வோல்டேஜ் பாட்டோடு சேர்ந்துவிடுகிறது. 1 வோல்ட் சிக்னலில் 1 மில்லிவோல்ட் ஹம் என்றால் 60 டெசிபெல்தான் இடைவெளி. ராத்திரி அமைதியில் தெளிவாகக் கேட்கும்.

இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றியதும் ஹம் பெருமளவு அடங்கியது. மிச்சம் எங்கிருந்து என்று பார்த்தால், கணினியிலிருந்து டிவிக்கு ஹெச்டிஎம்ஐ, டிவியில் கேபிள்காரர் ஒயர். அந்த ஒயரின் பின்னல் தெருவிலிருந்து தனி கிரவுண்டைக் கொண்டுவருகிறது. அதைக் கழற்றியதும் முழு அமைதி. டிவி கட்டாயம் வேண்டுமென்றால் ஆடியோ ஒயரில் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (கிரவுண்டை இணைக்காமல் சிக்னலை மட்டும் கடத்துவது) போடலாம். மலிவானவற்றில் அடித்தொனி மெலியும். ஒயரில் மாட்டும் ஃபெரைட் உருளை 50 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது, அது ரேடியோ அலைவரிசைக்கான மருந்து.

எர்த் பின்னை உடைத்து ஹம்மை நிறுத்தும் வைத்தியத்தைப் பலர் சொல்வார்கள். செய்யவே கூடாது. கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு ஒவ்வொரு கெப்பாசிட்டர் உண்டு. எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினட்டில் மிதக்கும். தொட்டால் சுர்ரென்று இருப்பது அதனால்தான். உள்ளே இன்சுலேஷன் போனால் சுர்ரோடு நிற்காது.

ஜூன் 6

லூப் அறுந்ததும் ஸ்பீக்கரில் மவுஸ் கீச்சும் போய்விட்டது. கணினியின் கிரவுண்டில் இருந்த ஸ்விட்சிங் இரைச்சலும் (உள்ளே மின்சுற்றுகள் வேகமாக ஆன்-ஆஃப் ஆவதால் வருவது) அதே பின்னல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் முன்பக்க ஜாக்கில் ஹெட்ஃபோன் போட்டால் இன்னும் கேட்கிறது. வழக்கமான குற்றவாளி, மதர்போர்டின் ஹெச்டி ஆடியோ எனும் 9 பின் இணைப்பிலிருந்து முன்பேனலுக்குப் போகும் கவசமில்லாத ஒயர். இங்கே அது கிராஃபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு போனது. கேபினட் ஓரமாகத் திருப்பியதும் பாதி குறைந்தது. முன்பக்க யூஎஸ்பி ஒயரை மதர்போர்டிலிருந்து உருவியதும் மீதியும் நின்றது. மலிவான கேபினட்டில் யூஎஸ்பிக்கும் ஆடியோவுக்கும் முன்பேனலில் ஒரே கிரவுண்ட். பின்புற ஜாக்கில் ஒரு நீட்டிப்பு ஒயர் போட்டுக்கொள்வதே நிரந்தரத் தீர்வு.

வெளியே மாட்டும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கினால் முன்பேனல் தொல்லை போகும். கிரவுண்ட் லூப் போகாது, யூஎஸ்பி ஒயரும் கணினி கிரவுண்டைக் கொண்டுபோகிறதே. கூடவே 1 கிலோஹெர்ட்ஸில் ஊசி போல ஒரு விசில் வரலாம். யூஎஸ்பி ஃபிரேம் (தரவு அனுப்பும் தவணை) 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை போவதன் சத்தம் அது. யூஎஸ்பி 2.0-இன் வேகமான முறையான ஹை ஸ்பீடில் ஓடும் கருவியென்றால் 8 கிலோஹெர்ட்ஸில்.

ஜூன் 9

"உஸ்ஸ்" என்ற சீறலுக்கும் வயரிங்குக்கும் சம்பந்தமில்லை. கணினியின் ஒலி அமைப்புகளில் மைக் பூஸ்ட் (மைக் ஒலியைப் பெருக்குவது) +30 டெசிபெல்லில் இருந்தது, மைக்கை ஸ்பீக்கரிலேயே கேட்கும் வசதியும் ஆனில். பூஸ்ட்டை 10க்கு இறக்கி, பயன்படாத இன்புட்களை மியூட் செய்தாயிற்று. விண்டோஸ் வால்யூமை 20இல் வைத்து ஆம்ப்பை முழுக்கத் திருகினாலும் சீறும். கணினியில் 80 முதல் 100 வரை வைத்து, ஆம்ப்பில் குறைப்பதே சரி.

ஜூன் 12

பாட்டு ஓடும்போது மட்டும் வரும் "பட் பட்" வெடிப்பு டிரைவர் சமாச்சாரம். பஃபர் என்பது ஒலிக்கும் முன் பாட்டைச் சேர்த்து வைக்கும் இடம்; 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லிசெகண்ட்தான். அதற்குள் வேறொரு டிரைவர் பிராசசரைப் பிடித்துக்கொண்டால் இடையில் ஓட்டை விழும். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டால் எந்த டிரைவர் என்று காட்டும். வைஃபையை அணைத்துப் பார்ப்பது முதல் வேலை. இங்கே பஃபரை 512 ஆக்கியதே போதுமானது.

அதே கணினியில் லினக்ஸ் போட்டபோது பாட்டு தொடங்கும்போதும் நின்ற சிறிது நேரத்திலும் ஒரே ஒரு "டப்". சிப் தூங்கி எழும் சத்தம். ஹெச்டிஏ இன்டெல் எனும் ஒலி டிரைவரின் பவர் சேவ் மதிப்பை 0 ஆக்கி, ரீபூட் செய்ததும் நின்றது.