சமூக நகர்வு: அட்டவணையைக் கையால் போட்டுப் படியுங்கள்

சமூகவியல் தேர்வுக்குப் படிப்பவர்கள் சமூக அடுக்கமைவையும் (சமூகம் மேல், கீழ் அடுக்குகளாகப் பிரிந்திருப்பது) சமூக நகர்வையும் (அதில் மக்களின் இடம் மாறுவது) தனித்தனிப் பாடங்களாகப் படிப்பது வழக்கம். முதுகலைத் தேர்வுக்கு நான் இரண்டையும் சேர்த்தே படித்தேன், அது மிகவும் கைகொடுத்தது. ஒருவர் எந்த அடுக்கில் இருக்கிறார் என்பதை எந்த அளவுகோலால் அளக்கிறோமோ, அதை வைத்துத்தான் அவர் நகர்ந்தாரா என்றே சொல்ல முடியும்.

கூலித் தொழிலாளி ஒருவரின் மகள் கணக்காளர் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் என்று பார்ப்பவர் கார்ல் மார்க்ஸ். அவர் கணக்கில் மகளும் உழைப்பை விற்றுத்தான் வாழ்கிறார், வர்க்கம் மாறவில்லை. வர்க்கம், அந்தஸ்து, கட்சி என்று மூன்றாகப் பிரித்த மாக்ஸ் வெபர், படிப்புக்கும் திறமைக்கும் சந்தையில் கிடைக்கும் மதிப்பையும் சேர்த்துக்கொள்கிறார். அவர் கணக்கில் மகள் மேலே போய்விட்டார். இப்படி ஒரே ஆளை வைத்து இருவரையும் எழுதினால் இரண்டு பக்க வரையறையை விட விடை தெளிவாக நிற்கும்.

செங்குத்து நகர்வு (மேலே ஏறுவது, கீழே இறங்குவது), கிடைமட்ட நகர்வு (அதே மட்டத்தில் வேறிடம் போவது) என்று 1927-இல் சமூகவியலாளர் சொரோகின் பிரித்ததற்கு அரைப் பக்கம் போதும். டேவிஸ், மூர் (1945) வாதத்தை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள். முக்கியமான பதவிகளுக்குத் திறமைசாலிகள் வர வேண்டுமானால் கூடுதல் வெகுமதி வேண்டும் என்றார்கள் அவர்கள். பயிற்சி பெறும் வாய்ப்பையே பிறப்பு தீர்மானிக்கும் இடத்தில் பலரின் திறமை வெளியே தெரியாமலே போகும் என்று 1953-இல் டூமின் மறுத்தார். அடுக்கமைவுக்கான விளக்கம் நகர்வைப் பற்றிய கேள்வியாக மாறும் இடம் இதுதான்.

சாதியை மூடிய அமைப்பு, அதாவது பிறந்த இடத்திலிருந்து நகரவே முடியாத அமைப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடவும் கூடாது. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் சமஸ்கிருதமயமாக்கல் என்று விளக்கியது, மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றி ஒரு குழுவே மேல்நிலை கோரி நகர்வதை. படிநிலை அப்படியே இருக்கும், அதற்குள் குழுவின் இடம் மாறும்.

சரி, அட்டவணைக்கு வருவோம். பெற்றோரின் வேலை ஒரு பக்கம், பிள்ளைகளின் வேலை மறுபக்கம் என்று நான்கு கட்டம் போடுங்கள். கற்பனை எண்களே போதும். பெற்றோர் தலைமுறையில் 60 பேர் உடலுழைப்பு, 40 பேர் அலுவலக வேலை. பிள்ளைகள் தலைமுறையில் இது தலைகீழ்: 40 உடலுழைப்பு, 60 அலுவலகம். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் 60 பேரில் 30 பேர் அலுவலகம் போகிறார்கள். அலுவலகக் குடும்பத்துப் பிள்ளைகள் 40 பேரில் 30 பேர் அங்கேயே இருக்கிறார்கள், 10 பேர் இறங்குகிறார்கள்.

மேலே 30, கீழே 10. பார்த்தால் திறந்த சமூகம் போலத்தான் தெரியும். ஆனால் அலுவலக வேலைகளே 20 கூடியிருக்கின்றன, எனவே 20 பேர் நகர்ந்தே ஆக வேண்டும். இது கட்டமைப்பு நகர்வு. மீதி 20 பேர்தான், 10 மேலே 10 கீழே என்று, இடம் மாற்றிக்கொண்டவர்கள். இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு சமமாக இருந்திருந்தால் தொழிலாளர் வீட்டிலிருந்து 36 பேர் ஏறியிருப்பார்கள், அலுவலக வீட்டிலிருந்து 16 பேர் இறங்கியிருப்பார்கள். அலுவலக வேலை கிடைப்பதும் கிடைக்காததும் தொழிலாளர் வீட்டுக்கு 30-க்கு 30, அலுவலக வீட்டுக்கு 30-க்கு 10. முதலாவது 1, இரண்டாவது 3; இவற்றை ஒப்பிட்டால் வரும் வாய்ப்பு விகிதம் மூன்று மடங்கு.

மொத்தம் எத்தனை பேர் இடம் மாறினார்கள் என்பது முழுமையான நகர்வு, இரு வீட்டுப் பிள்ளைகளின் வாய்ப்பு எவ்வளவு வேறுபடுகிறது என்பது ஒப்பீட்டு நகர்வு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். மனப்பாடம் செய்தால் தேர்வறையில் குழம்பும், கையால் போட்டவர்களுக்கு மறக்காது. அப்புறம் நிஜத் தரவைச் சேருங்கள். அமெரிக்காவில் 1940-இல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெற்றோரை விட அதிகம் சம்பாதித்தார்கள், 1980-களில் பிறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் என்று பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு கண்டது. ஆனால் வருமான வரிசையில் பெற்றோர் நின்ற இடத்துக்கும் பிள்ளைகள் நிற்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பு, 1970-களிலிருந்து பிறந்தவர்களிடம் பெரிதாக மாறவில்லை என்பதும் அதே குழுவின் முடிவு. முழுமையான நகர்வு சரிய, ஒப்பீட்டு நகர்வு அசையாமல் நிற்க முடியும்.

“நவீன சமூகம் உண்மையில் திறந்ததா?” என்று கேள்வி வந்தால் எந்த நகர்வைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அட்டவணையை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளாமல் அங்கேயே போடுங்கள். மார்க்ஸ், வெபர், டூமின் மூவரும் அதன் கட்டங்களைச் சுற்றியே வந்து சேர்வார்கள்.