விஷமுறிக்கு முன் அட்ரினலின்: ஓர் ஆய்வு முடிவை எங்கள் விடுதிக்குக் கொண்டுவந்த அனுபவம்

தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கங்களில் வேளாண்மை வேலை தொடங்கியதும் திருகோணமலை மாவட்ட வைத்தியசாலைகளுக்குப் பாம்புக்கடி நோயாளர் வரத் தொடங்கிவிடுவர். உயிர் காக்கும் விஷமுறி மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து பெறப்படுவதால், அதுவே கடும் ஒவ்வாமையையும் உண்டாக்கவல்லது. அதைத் தடுப்பதற்கென ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் முன்கூட்டிச் செலுத்துவதே நான் வைத்திய அதிகாரியாகச் சேர்ந்த வைத்தியசாலை விடுதியின் வழக்கம்.

2011 இல் வெளியான இலங்கை ஆய்வொன்று வேறு விடை தந்திருந்தது. 1,007 நோயாளர் பங்குகொண்ட அவ்வாய்வில் 75 சதவீதமானோருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது. முன்கூட்டிச் சிறிதளவு செலுத்திய அட்ரினலின், கடும் ஒவ்வாமையை முதல் ஒரு மணித்தியாலத்தில் 43 சதவீதத்தாலும் 48 மணித்தியாலம் வரையில் 38 சதவீதத்தாலும் குறைத்தது. மற்ற இரு மருந்துகளும் பயன் தரவில்லை என்பதோடு, ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் பயனும் இல்லாமற் போனது. நம் நாட்டிலேயே கடியுண்டவர்களிடம் பெற்ற சான்றை நாமே பயன்படுத்தாதிருப்பது எனக்குப் பெரும் மனக்குறையாக இருந்தது.

விடுதியில் எவரும் ஆய்வை மறுக்கவில்லை. இருதய நோயுள்ள முதியவருக்கு அட்ரினலின் கொடுக்கலாமா, விஷத்தால் இரத்தம் உறையாத நிலையில் இரத்த அழுத்தம் ஏறி மூளைக்குள் இரத்தம் கசிந்தால் யார் பொறுப்பு என்றே தாதியர் கேட்டனர். நியாயமான அச்சம் அது. யாருக்குக் கொடுக்குமுன் தம்மைக் கேட்க வேண்டும் என்பதை வைத்திய நிபுணர் எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே அவர்கள் உடன்பட்டனர். ஆயிரத்துக்கு ஒன்று செறிவில் 0.25 மில்லிலீற்றர், தோலுக்கடியில் மட்டும், நாளத்தில் ஒருபோதும் இல்லை என்ற குறிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினோம்.

ஆனாலும் இரவுக் கடமையில் ஹைட்ரோகோர்ட்டிசோன் தொடர்ந்து கொடுபட்டது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் மூத்த தாதிய உத்தியோகத்தர் ஒருவர்: விஷமுறிக் குப்பிகள் இருந்த அதே தட்டில்தான் ஹைட்ரோகோர்ட்டிசோனும் இருந்தது, அவசரத்தில் கை தானாக அதை எடுத்தது. ஒவ்வாமை வந்த பின் சிகிச்சைக்குப் பயன்படும் மருந்துகளோடு அதை வேறு தட்டுக்கு மாற்றினோம். எத்தனையோ விளக்கக் கூட்டங்களால் நடக்காதது அந்த மாற்றத்தால் நடந்தது.

அட்ரினலின் கொடுத்தாலும் ஒவ்வாமை வரலாம் என்பதால், முதல் ஒரு மணித்தியாலம் கட்டிலருகே ஒருவர் நின்று நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் பதிந்தாக வேண்டும். தேவையற்ற விஷமுறியைத் தவிர்ப்பதும் இதே அளவு முக்கியம். சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா எனப்படும் பாம்பின் கடிக்கு இங்குள்ள இந்திய விஷமுறி பயனளிப்பதில்லை. ஆகவே கொண்டுவரப்படும் பாம்பை அடையாளம் காண்பதையும் விஷம் இரத்தத்தைப் பாதித்துள்ளதா எனக் காட்டும் 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையையும் அதே குறிப்பின் முதல் வரிகளாகச் சேர்த்திருக்கிறோம்.