பங்குனியிலேயே மாடி ஏறிவிட வேண்டும்

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலை, போச்சம்பள்ளிக்கும் ஊத்தங்கரைக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊரில் சூறைக்காற்றோடு அரை மணி நேரம் மழை பெய்தது. தோப்பில் முற்றாத மாங்காய்கள் கொட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், நடு அறையில் அடுக்கியிருந்த கேழ்வரகு மூட்டைகளின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு குண்டானைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்கப்பா இருந்த வரைக்கும் ஒரு பொட்டு ஒழுகலப்பா" என்றார். அப்பா 1994-இல் கட்டிய வீடு அது. ஒவ்வோர் ஆண்டும் பங்குனியில் அவர் துடைப்பத்தோடும் சுண்ணாம்பு வாளியோடும் மாடி ஏறுவார். அவர் போன பிறகு அந்த வேலையை யாரும் செய்யவில்லை என்பது அந்தச் சொட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவசரத்தில் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் உச்சி வெயிலில் வந்து, கண்ணுக்குத் தெரிந்த வெடிப்புகளின் மேல் சிமெண்டுப் பாலை ஊற்றி, அதன் மேல் தார் பூசிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதுமே தார் இளகி, சிமெண்டு பத்தை பத்தையாகப் பெயர்ந்து வந்துவிட்டது. செலவழித்த பணத்தைவிட, வேலை முடிந்துவிட்டது என்று நம்பி ஓராண்டு முழுவதும் மாடிப் பக்கமே போகாமல் இருந்ததுதான் பெரிய இழப்பு.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் வெயிலைக் கணக்கில் எடுக்காமல் இங்கே கூரையைப் பழுது பார்க்க முடியாது. பாறையும் செம்மண்ணும் நிறைந்த வறண்ட பூமி இது. பாலைவனம் இல்லை என்றாலும், பங்குனி சித்திரையில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அந்த வேறுபாடு தெரியாது. பிற்பகலில் தளத்தின் மேற்பரப்பு 55, 60 டிகிரி வரை சூடேறும், இரவில் ஆறும். கான்கிரீட் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீள்கிறது. எங்கள் தளம் 40 அடி நீளம், அதாவது 12 மீட்டர். அதன் சராசரிச் சூடு 20 டிகிரி மாறினாலே நீளத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கூடிக் குறையும். இது தினமும் நடக்கிறது. இப்படி நீண்டு சுருங்கும் தளமும், அதே அளவுக்கு அசையாத கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில்தான் முதல் கீறல் விழுகிறது. கொதிக்கும் தளத்தின் மேல் கோடை மழை திடீரென்று கொட்டும்போது, மேல் தோல் மட்டும் சட்டென்று குளிர்ந்து சுருங்குவதால் அந்தக் கீறல் இன்னும் விரிகிறது. மழை பெய்யும்போதுதான் நாம் ஒழுகலைக் காண்கிறோம் என்பதால் மழையையே குற்றம் சொல்கிறோம். ஆனால் வாசலைத் திறந்து வைத்தது வெயில்.

2024 பங்குனியில், எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒரு முதிய கொத்தனாரிடம் போய் நின்றேன். அவர் வந்ததும் கரணையை எடுக்கவில்லை. இரண்டு கூடை களிமண் கேட்டார். வயலில் பாத்தி கட்டுவதைப் போல மாடியில் நான்கு விரல் உயரத்துக்கு வரப்புக் கட்டி, தளத்தை ஆறு பாத்திகளாகப் பிரித்தார். ஒரு பாத்தியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அதில் கலந்துவிட்டு, கீழே ஒழுகும் இடத்துக்கு நேராக வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை வைக்கச் சொன்னார். "சொட்டற எடத்துக்கு மேலயே பாத்தா ஒண்ணும் தெரியாது கண்ணு. தண்ணி எங்கயோ பூந்து எங்கயோ வரும்" என்றார். முதல் பாத்தியில் அரை நாள் காத்திருந்தோம். தட்டு காய்ந்தே கிடந்தது. இரண்டாவதிலும் ஒன்றும் இல்லை. தென்மேற்கு மூலையில் மூன்றாவது பாத்தியை நிரப்பி நான்கு மணி நேரம் ஆனபோது, தட்டில் வெளிறிய நீலத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அந்த மூலைக்கும் கேழ்வரகு மூட்டைக்கும் எட்டு அடி தூரம்.

காரணம் எங்கள் தளத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கான்கிரீட் தளத்தின் மேல், செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கிக் கலவையை மூன்று அங்குலத்துக்குப் போட்டு, மரக்கட்டையால் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பதிப்பது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். வெயிலைத் தாங்குவதற்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் தட்டோட்டுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் வாய் திறந்துவிட்டால், உள்ளே போன தண்ணீர் சுருக்கிக்குள்ளேயே ஊறி நடந்து, கான்கிரீட்டில் எங்கே பலவீனமோ அங்கே இறங்கும். முந்தைய ஆண்டு நாங்கள் தார் பூசிய இடத்துக்கும் உண்மையான வாய்க்கும் தொடர்பே இல்லை.

பழுது பார்த்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்; கெடுவது பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்ன இடங்களில்தான். தண்ணீரை வடித்து, நான்கு நாள் நன்றாகக் காயவிட்டோம். பிறகு விடியற்காலை ஐந்தரைக்கு வேலையைத் தொடங்கி எட்டரைக்கு நிறுத்தினோம். வெயில் ஏறிய பின் பூசினால், சிமெண்டு இறுகுவதற்கு வேண்டிய ஈரத்தைச் சூடான தளம் உறிஞ்சிவிடும். கலவை வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே மாவாகவே இருக்கும். மூலை நெடுகிலும் அரை அங்குல அகலம், அரை அங்குல ஆழத்துக்கு உளியால் வெட்டிக் காடி எடுத்தார். கம்பிப் பிரஷால் தேய்த்து, சைக்கிள் பம்பால் தூசியை ஊதி வெளியேற்றினோம். அசைந்துகொண்டே இருக்கும் மூலை என்பதால் காடிக்குள் சிமெண்டை வைக்கவில்லை. ரப்பர் போல இழுபடும் பாலியூரித்தேன் சீலண்டை, அதைப் பிதுக்கும் துப்பாக்கி போன்ற கருவியால் நிரப்பினோம். அது இறுகிய பிறகு, தட்டோடுகளின் இடுக்குகளில் மட்டும், ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்த கலவையில், பிடிப்பைக் கூட்டும் லேட்டக்ஸ் மருந்தைச் சேர்த்து, முன்கூட்டியே நனைத்த இடுக்கில் அழுத்திப் பூசினார்.

அந்தப் பூச்சின் மேல் கோணிச் சாக்கை விரித்து, ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். கோணி காய்ந்து மொறுமொறுத்த ஒரு நாளில் அதைத் தூக்கிப் பார்த்தபோது, ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழைக் கீறல் விழுந்திருந்தது; அந்த ஒரு சாணை மட்டும் பெயர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டியதாயிற்று. கடைசியாக, தளத்தில் ஒரு அடி, சுவரில் ஒரு அடி ஏறுமாறு ஃபைபர் வலையை ஒட்டி, அதன் மேல் நெகிழும் தன்மையுள்ள அக்ரிலிக் வாட்டர்ப்ரூஃப் பூச்சை இரண்டு கை அடித்தோம். முதல் கை நெடுக்காக, அது காய்ந்த பிறகு இரண்டாவது கை குறுக்காக. ஈரம் இருக்கும் தளத்தில் இந்தப் பூச்சை அடித்தால், வெயிலில் அடியிலிருக்கும் நீர் ஆவியாகி மேலே தள்ளிக் கொப்புளம் கட்டும். மழைக்காலத்தில் ஒழுகலைக் கண்டதும் டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடுவது வீண் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். காய்ந்த தளம் நமக்குக் கிடைக்கும் மாதங்கள் மாசியும் பங்குனியும்தான்.

அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் எங்கள் பக்கம் வந்தது. ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. 1000 சதுர அடி மாடியின் மேல் அவ்வளவு மழை விழுந்தால் 46,000 லிட்டர் தண்ணீர். ஏறக்குறைய நான்கு டேங்கர் லாரி. அன்று நள்ளிரவில் சத்தம் மாறியதைக் கேட்டு டார்ச்சோடு மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. நான்கு அங்குலம் தேங்கினால் அந்தத் தளத்தின் மேல் ஒன்பது டன்னுக்கு மேல் பாரம். இடி இல்லாத நேரம் பார்த்து இறங்கி, குழாய் வாயைக் கையால் துழாவினேன். மாவிலையும் ஒரு பாலித்தீன் பையும் பந்தாகச் சுருண்டு அடைத்திருந்தன. அதை இழுத்ததும் கொடகொடவென்று தண்ணீர் இறங்கிய சத்தத்தை நான் மறக்க மாட்டேன். மூலை ஒழுகவில்லை. ஆனால் இரண்டரை அங்குலக் குழாய் இரண்டு மட்டுமே வைத்திருந்தது தவறு என்று தெரிந்தது. அடுத்த பங்குனியில் இரண்டையும் நான்கு அங்குலமாக மாற்றி, வடக்கே மூன்றாவதாக ஒன்றும் வைத்து, அந்தப் பக்கத்துக்குச் சிறிது வாட்டமும் கொடுத்தோம்.

முன்கட்டு சீமை ஓடு. அதில் வேலை எளிது: உடைந்ததை எடுத்துவிட்டு வேறு ஓட்டைச் செருக வேண்டும், காற்று முதலில் தூக்குவது விளிம்பையும் முகட்டையும் என்பதால் முகட்டு ஓட்டின் பூச்சை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். பழைய ஓடுகளில் ஓர் ஐம்பதைத் தொழுவத்தில் அடுக்கி வைத்திருப்பது நல்லது. அதே அச்சு இப்போது கிடைப்பது அரிது. மாட்டுக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் மட்டும் யாரும் நேராகக் கால் வைக்கக் கூடாது. இரும்புச் சட்டத்துக்கு மேலாகப் பலகை போட்டு, அதன் மேல்தான் நடக்க வேண்டும். ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட் தளர்ந்திருந்தால் புது வாஷர் போட்டு இறுக்கலாம். ஆனால் அந்த ஷீட்டை உலர்ந்த நிலையில் அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. மாடித் தளத்தின் அடிப்பக்கத்தில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது நம் கையில் முடியும் வேலையே அல்ல. பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட வேண்டும்.

இந்தப் பங்குனியில் மாடிக்கு வெள்ளை அடித்தேன். நீர்த்த சுண்ணாம்பு, கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டு, பிடிப்புக்குப் பெவிகால். அப்பா அடித்ததும் ஏறக்குறைய இதே கலவைதான். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் சூடு குறைகிறது, நீட்டமும் சுருக்கமும் குறைகின்றன, மூலையில் விழும் இழுவையும் குறைகிறது. அடித்து முடித்த மறுநாள் மதியம் பெரியப்பா வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மாடியில் பத்து எட்டு நடந்து பார்த்தார். பிறகு கிழக்குக் கைப்பிடிச் சுவரின் தலையில் விரலை வைத்துத் தட்டி, அங்கே பூச்சு உப்பியிருக்கும் ஒலியைக் கேட்கச் சொன்னார். "இது அடுத்த வருசம் கண்ணு" என்றார். அந்த இடத்தில் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.